நாலு ஆள் அளவு

ஞாயிறு, மார்ச் 3

சிஸ்டரம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. பிள்ளைகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டப்பாப் பையிலேயே கடிதம் வைத்து அனுப்பலாம் என்று நீ சொன்னது சரிதான். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

வாரம் முழுக்க ராத்திரிக்கு ரொட்டியும் பிஸ்கட்டும்தான் என்று பெரியவள் போன சனிக்கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவள் அடுப்பையா பற்றவைப்பாள்?

அதனால்தான் இந்த ஏற்பாடு. பையில் ஐந்து டப்பா. மூடியில் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறது. சோறு மட்டும் நீ அன்றன்றைக்கு வைத்துக்கொள். திங்கள், பருப்பும் கீரையும். செவ்வாய், முட்டை. இந்த இரண்டும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். புதன் கோழி, வியாழன் காய்கறி, வெள்ளி கொண்டைக்கடலை. இந்த மூன்றையும் பை வந்த உடனே ஃப்ரீசரில் வைத்துவிடு. முதல் நாள் ராத்திரியே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் தானாக இளகிவிடும். கோழியை ஒரு தடவைதான் சூடு பண்ண வேண்டும். மிச்சத்தை மறுபடியும் வைக்காதே, ப்ளீஸ்.

என் அறையில் ஒற்றை அடுப்பு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தேன். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுப்போகும் என்று டப்பாக்களை வரிசையாக வைத்து ஃபேனைத் திருப்பினேன். "டப்பாவுக்குக் காய்ச்சலாப்பா?" என்கிறான் வாண்டு. அவனை வைத்துக்கொண்டு வேலை செய்வது இருநூறு பேருக்குச் சமைப்பதைவிடக் கஷ்டம்.

இப்படிக்கு,
மாஸ்டர்

சனி, மார்ச் 9

மாஸ்டருக்கு,

ஐந்து டப்பாவும் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. பெரியவள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். வாண்டு கீரை சாப்பிட்டான் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும். நாலு ஆள் அளவு வருகிறது. இங்கே நாங்கள் மூன்று பேர்தான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை அந்த முட்டையைச் சூடு பண்ணும்போது அழுகை வந்தது. பதினொரு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயமாவது நறுக்கிக் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "நாள் முழுக்க கேன்டீன்ல கரண்டி புடிச்சுட்டு வர்றேன், வீட்லயும் புடிக்கணுமா?" என்பீர்கள். வயிற்றில் வாண்டு இருந்தபோதும் அதே பதில்தான். இப்போது கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து எட்டு மாதம் கழித்து, கிழமை எழுதி ஒட்டி அனுப்புகிறீர்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவளுக்குக் காது வலி, சொட்டு மருந்து பையின் சின்ன அறையில் இருக்கிறது.

சிஸ்டர்

ஞாயிறு, மார்ச் 10

சிஸ்டரம்மாவுக்கு,

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பையே பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாண்டு, "பசிக்குதுப்பா" என்றான், எழுந்துவிட்டேன்.

அளவு விஷயம். இருநூறு பேருக்குப் போடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நம் வீட்டுக்கு என்றால் நாலு. மூன்று என்பது கைக்கு வரமாட்டேன் என்கிறது. இந்த வாரமும் அப்படித்தான் ஆகிவிட்டது. மிஞ்சியதை மறுநாள் மதியத்துக்கு நீ எடுத்துக்கொண்டு போ, கோழி மட்டும் வேண்டாம்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ஞாயிறு சாயங்காலம் கேட்டில் பிள்ளைகளிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் நானே மேலே கொண்டுவரட்டுமா? நாலு பேரும் உட்கார்ந்து திங்கட்கிழமை டப்பாவை ஒரு நாள் முன்னாலேயே காலி பண்ணலாம். ஒரு மணி நேரம் போதும். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். பழையபடி குடும்பம் நடத்தலாம் என்று கேட்கவில்லை, அந்தத் தைரியம் எனக்கு இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு இன்னும் இருக்கிறதா இல்லையா, அதைத்தான் கேட்கிறேன்.

பதில் எழுது.

மாஸ்டர்

சனி, மார்ச் 16

மாஸ்டருக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஏழு மணிக்கு டியூட்டி. டப்பாக்கள் பையில். வெள்ளிக்கிழமை டப்பாவின் மூடி கிடைக்கவில்லை, வாண்டு எதற்கோ எடுத்திருக்கிறான், தேடித் தருகிறேன். காது வலி தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

சிஸ்டர்

ஞாயிறு, மார்ச் 17

உனக்கு,

நீ யோசிக்கவே வேண்டாம். வாண்டு சொல்லிவிட்டான்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். "புதன்கிழமை கோழி ஆம்புலன்ஸ் மாமாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்குப்பா. ரெண்டு தடவ போட்டுக்கிட்டாரு" என்றான். யாருடா அது என்றேன். "அம்மா ஆஸ்பத்திரியில ஆம்புலன்ஸ் ஓட்டுவாருல்ல, அவருதான்" என்றான். பெரியவள் அவன் காலை மிதித்தாள். அதை நானும் பார்த்தேன். பத்து வயசுப் பிள்ளைக்கு என்னிடம் மறைக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இருபது வருஷத் தொழிலில் முதல் தடவை. சட்டியைத் தேய்க்கத் தேய்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் ஒரு கிறுக்கன், காலையிலிருந்து நின்று, ஆற வைத்து, மூடி போட்டு, எவனோ ஒருத்தனுக்கு விருந்து அனுப்பியிருக்கிறேன்! எனக்கு மேலே வர அனுமதி இல்லை, என் கோழிக்கு மட்டும் உண்டு.

இந்த வாரம் தராசு வாங்கிவந்து நிறுத்துப் போட்டிருக்கிறேன். சரியாக மூன்று ஆள் அளவு. ஒரு கரண்டிகூட மிஞ்சாது.

மாஸ்டர்

சனி, மார்ச் 23

மாஸ்டருக்கு,

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பயம். நீங்கள் கத்துவீர்கள் என்று இல்லை, டப்பா அனுப்புவதை நிறுத்திவிடுவீர்களோ என்று. எவ்வளவு கேவலமாக இருக்கிறது பாருங்கள், ஆனால் உண்மை அதுதான்.

ஜனவரியில் டியூட்டியில் மயங்கி விழுந்தேன். அவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து பழக்கம். புதன்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் டியூட்டி முடிகிறது. நாலாவது பங்கு வீணாகிறதே என்றுதான் முதல் தடவை சாப்பிட உட்காரச் சொன்னேன். "யாரு செஞ்சது, இவ்ளோ நல்லா இருக்கு?" என்று கேட்டார். பசங்களோட அப்பா என்றேன். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என்னால் வேறு பதில் எழுத முடியவில்லை. சனி ஞாயிறு பிள்ளைகள் உங்களோடுதான், அதில் மாற்றமே இல்லை.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்தப் புதன்கிழமை கோழி குறைவாக இருந்தது. அவர் பசிக்கவில்லை என்று எழுந்தார். பெரியவள் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். நான் என் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அவள் வாங்கவில்லை. பிறகு வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

என்மேல் கோபமென்றால் என்னைத் திட்டி எழுதுங்கள். படிக்கிறேன்.

சிஸ்டர்

ஞாயிறு, மார்ச் 24

சிஸ்டரம்மாவுக்கு,

திட்டித்தான் எழுதினேன், நேற்று, இரண்டு பக்கம். இன்று காலை அதைக் கிழித்துவிட்டேன். திட்டி என்ன ஆகப்போகிறது? நீ சரி என்று சொல்லிவிட்டாய். அவர் உன்னை மயக்கத்தில் தூக்கிவந்திருக்கிறார், சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைக்கிறார். இந்த இரண்டில் எதைச் செய்யாதே என்று நான் சொல்லமுடியும்?

பெரியவளிடம் கேட்டேன். "ஏம்மா உன் பங்கைக் குடுத்தே?" என்றேன். "நீ செஞ்சது பத்தலன்னு அவரு நினைச்சிடக் கூடாதுல்லப்பா" என்றாள். அவள் என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன், அவளுக்குத் தெரியாமல் இருக்க. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

தராசை எடுத்து மேலே வைத்துவிட்டேன். அவள் தட்டில் இனி ஒரு துண்டு குறையக் கூடாது, எனக்கு அது போதும். திங்கள் பருப்பு, செவ்வாய் உருளைக்கிழங்கு, புதன் கோழி, வியாழன் பட்டாணி, வெள்ளி முட்டை. எல்லாம் நாலு ஆள் அளவு.

கோழியில் மட்டும் மிளகாய் போடும்போது தடுமாறிவிட்டேன். கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன். அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று சனிக்கிழமை ஒரு வரி எழுது.

மாஸ்டர்