அழுகல் என்று நான் சொன்னது

இன்று காலை யன்னலைத் திறந்ததும் அந்த நாற்றம் குசினிவரை வந்து நின்றது. வெயில் காலத்துக் கச்சான் காற்று, கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீரை வற்ற வைத்து, அடியில் படிந்த பாசியைக் காயப் போடுகிற நாற்றம். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த உனக்கு அது பழக்கம், மூக்கைப் பொத்தாமல் அதற்குள் நின்றவள் நீ ஒருத்திதான். நான் தேத்தண்ணியை ஆற வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காற்றோடு, மண் வாருகிற பெக்கோ இரைகிற சத்தமும் வந்தது.

அதைக் கூப்பிட்டது என் மருமகள். உப்பு வாருகிற பெண்கள் சங்கத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. அடியில் கிடக்கிற பாசிப் படலத்தை வழித்து ஏற்றிவிட்டால் நாற்றம் போய்விடும், ஓரத்தில் விளைகிற உப்பும் வெள்ளையாக வரும் என்கிறாள். என் மூத்தவன் பிறந்த வருடம் நான் சொன்ன அதே கதை.

அப்போது எங்களிடம் மண்வெட்டியும் ஓலைக் கடகமும்தான். உப்பு வாருகிற பெண்களை எல்லாம் சேர்த்து, "இந்த அழுகலை வழிச்சு எறிஞ்சா உப்பு பால் மாதிரி வரும்" என்று சொன்னவள் நான். பக்கத்து வளவுக்காரி நீ மட்டும் இறங்கவில்லை. கரையில் குந்தியிருந்து, காலையில் பிடித்த மணலை என்கிற மீன் ஒன்றைக் கத்தியால் கீறிக் குடலைப் பிதுக்கிக் காட்டினாய். உள்ளே பச்சைச் சேறு.

"இஞ்ச பாரடி, உன்ர அழுகல். இதுக்கு இதுதான் சோறு."

"மீன் சேறு தின்னாமப் புட்டே தின்னும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ. புழுவும் கூனி இறாலும் இந்தப் பாசியத் தின்னும். மணலை மீன் பாசியோட சேர்த்து அதுகளையும் வழிச்சுத் தின்னும். அந்த மீனைக் கூழைக்கடா தின்னும். மிச்சத்த நீ தின்பாய். நல்லா வழியுங்கோ. வாற வருஷம் இந்தத் தண்ணியில ஒரு இறாலும் வராது."

நாங்கள் வழித்தோம். உப்பு வெள்ளையாகத்தான் வந்தது. அடுத்த மாரிக்குக் களப்பு நிறைந்து கிடந்தது. வலையை வீசினால் வலை மட்டும் வந்தது. சேற்றில் புழுப் பொறுக்குகிற உள்ளான் குருவிகள் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. கூழைக்கடா இறங்கவேயில்லை. என் வீட்டில் மூன்று மாதம் கறி என்றால் முருங்கை இலைதான்.

கிணற்றடியில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீதானே வழிக்கச் சொன்னனீ?" என்றாள்.

"நான் வழிக்கத்தான் சொன்னனான். இறால் வராது எண்டு சொன்னது ஆர்? எல்லாம் அவளின்ர கரிநாக்கு."

அவ்வளவுதான். சொன்னது பலிக்கிற நாக்கு என்று ஊர் உனக்குப் பயந்தது. கலியாண வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "வடிவான பிள்ளை" என்று நீ சொன்னால் தாய்மார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நீ கண்டு சொன்னதை நாங்கள் சாபமாக்கிவிட்டோம். அந்தப் பேரை யார் வைத்தது என்று உனக்குத் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை. நாலைந்து வருடம் கழித்துப் பாசி திரும்பப் படர்ந்து முதல் இறால் வந்தபோது, ஒரு கிண்ணம் கறியை என் வேலிக்கு மேலால் நீட்டினாய். என்னை அப்படிக் கூச வைத்ததற்கு உன்மேல் எனக்கு இன்றும் கோபம்.

இன்று செருப்பும் போடாமல் களப்புக்குப் போனேன். பாதி வழித்தாயிற்று.

"பிள்ளை, நிப்பாட்டு. இது இறாலின்ர சோறு."

"ஆர் சொன்னது மாமி?"

உன் பேரைச் சொன்னேன்.

"அந்தக் கரிநாக்கு மனிசியோ? செத்தும் விடுறா இல்லையே!" என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும்தான். பெக்கோக்காரன், "திரும்பத் தொடங்கவோ அக்கா?" என்று அவளைக் கேட்டான்.

கரிநாக்கு என்ற அந்தப் பேர் உன்னில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை உன் கதை எடுபடாது என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

"அந்தப் பேரை வைச்சது நான்" என்றேன். "அவளின்ர நாக்கில ஒண்டும் இல்ல. கண்ணால பார்த்ததைச் சொன்னவள். வழிக்கச் சொன்னதும் நான், பழியை அவளில போட்டதும் நான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மருமகள் என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் ஏன் மாமி சொல்லேல்ல?"

"அவள் கேக்கேல்லயே."

பெக்கோவைத் திருப்பி அனுப்பினாள். எனக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள். மத்தியானம் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பாதிக் களப்பு தப்பிவிட்டது. மற்றப் பாதி தேற எத்தனை மாரி வேண்டுமோ. நான் பார்ப்பேனோ தெரியாது. படுத்தால் எழும்புகிறேன், எழும்பினால் ஓரிடத்தில் இருக்க ஏலாமல் கிடக்கிறது. நீ ஒருநாள், ஒரேயொரு நாள், வேலியடிக்கு வந்து என்னை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, அழுது, முடித்திருப்பேன். நீ ஏசவில்லை. எனக்கு வரவேண்டிய அந்த ஏச்சை வாங்காமலே சுமந்துகொண்டு திரிகிறேன்.