அண்ணத்தில் ஒரு புண்

மார்ச் 4
இன்று பாக் விர்யோவுக்கு அண்ணத் தட்டைப் பொருத்தினேன். புற்றுநோய்க்காகப் போன வருடம் மேல்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள்; குடிக்கிற தண்ணீரெல்லாம் மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. ஓட்டையை அடைக்கும் தட்டும் அதிலேயே பல்லுமாக, மூன்று மாத வேலை. சோத்தோ என்கிற கோழி ரசத்தை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றுகிறவர்; வயதுக்கு மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவேன். "மாலாங், மாலாங்" என்று சிகிச்சை அறையிலேயே கூவிக் காட்டினார். அவர் மனைவி தார்மி கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செயற்கைப்பல் சிறப்புப் படிப்பின் இறுதித் தேர்வுக்கு இவர்தான் என் நோயாளி. ஆறு மாதம் தட்டோடு நன்றாக இருந்து காட்ட வேண்டும். இதற்கு முன் தேர்வுக்காக எடுத்த இருவரில் ஒருவர் இறந்தார், ஒருவர் வராமலே போனார். சுரபாயாவுக்குப் படிக்க வந்து இது ஐந்தாவது வருடம்.

ஜூலை 15
தட்டின் பின் ஓரம் படும் இடத்தில் ஒரு புண். அரிசி அளவு. தட்டு அழுத்தியிருக்கும். ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

ஜூலை 29
ஆறவில்லை. தடித்திருக்கிறது. என் மேற்பார்வை ஆசிரியர் டாக்டர் ஹப்சாரியிடம் காட்ட வேண்டும். காட்டினால் சதை எடுத்துப் பரிசோதனை, தட்டைக் கழற்றச் சொல்வார், தேர்வு போகும். இன்னும் ஐந்து வாரம்தானே? மறுபடி தேய்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.
"வலியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். பரீட்சை எப்போ?"

ஆகஸ்ட் 12
இன்றும் காட்டவில்லை.

ஆகஸ்ட் 19
புளியங்கொட்டை அளவு. தொட்டதும் ரத்தம். ஹப்சாரியைக் கூப்பிட்டேன். விளக்கை நகர்த்திப் பார்த்து, என் பெயர் சொல்லிக் கேட்டார்.
"எப்பலேர்ந்து இருக்கு, நிங்?"
"இன்னிக்குத்தான் பாத்தேன் டாக்டர்."
ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லிட்டேனே—

செப்டம்பர் 2
சதைப் பரிசோதனை முடிவு வந்தது: மறுபடி புற்று. மண்டையோட்டின் அடிவரை போய்விட்டது, கத்தி வைக்க முடியாது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அறுவை மருத்துவர் இழுத்தார். முடிக்கவில்லை.

செப்டம்பர் 3
கோப்பில் புண்ணை முதலில் பார்த்த தேதி ஜூலை 15 என்று எழுதி ஹப்சாரியிடம் கொடுத்தேன். திட்டுவார் என்று நின்றேன். தேர்வுப் பட்டியலை எடுத்து என் பெயரை அடித்தார். "அந்தக் குடும்பத்துக்கிட்ட நீயே போய் சொல்லு."

செப்டம்பர் 5
தார்மியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.
"வலி இருந்துச்சு. சாப்பிடும்போதெல்லாம் கண்ணுல தண்ணி வரும். அந்தப் பொண்ணு பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் வாயத் திறக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

அக்டோபர் 20
குழாய் வழியாகத்தான் கஞ்சி. தட்டு இனி வாயில் நுழையாது, பேச்சும் போய்விட்டது. நான் போனதும் பாக் விர்யோ விரலால் எழுதிக் காட்டினார். பரீட்சை?
"பாஸாயிட்டேன் பாக்" என்றேன்.
 தார்மி எனக்கு உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.