பின்னறைக்கும் அலாரம்

ஜூலை 3, வியாழன்

பக்கத்து வீட்டு நாகையா அண்ணன் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பட்டப்பகலில் பின் சந்து வழியாக வந்து சமையலறை கிரில்லை அறுத்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் அலாரம் இருக்கிறது. ஆனால் பின்னறையில் இல்லை. மகன் லியோனலும் மருமகள் விஷ்ணுப்ரியாவும் கல்யாணமாகி ஏழு மாதமாக அங்கேதான் இருக்கிறார்கள். முன்பு என் கணவருடைய மோட்டார் சைக்கிள் நின்ற கொட்டகை. நான்தான் குளியலறை கட்டி, டைல்ஸ் போட்டு, அறையாக்கினேன். எங்கள் சமையலறைக் கதவிலிருந்து பதினெட்டு காலடி தூரம். பின் சந்து வழியாக வருகிறவனுக்கு அதுதான் முதல் கதவு.

"பிள்ளைங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் இவர். நல்லது செய்ய என்ன கேள்வி? முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள் நான். கேட்டுக்கொண்டா காய்ச்சல் பார்த்தேன்?

ஜூலை 8, செவ்வாய்

அலாரம் போடும் கிஷன் வந்தார். முதலில் வயர் இல்லாத சென்சாரை வைத்துப் பார்த்தார். தகரக் கூரையைத் தாண்டி சிக்னல் வரவில்லை. வயர் இழுக்கலாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். மத்தியானம் அவரும் அதையே சொன்னார். சுவரோரமாகக் குழாய் ஓட்டி, வயர் இழுத்து, கதவுக்கு ஒரு காந்த சென்சார், ஜன்னலுக்கு ஒன்று, வெளியே ஒரு சைரன்.

"ஆன்டி, பின்னறைய தனி ஏரியாவா பிரிச்சிரவா? அவங்க கோட் நம்பர் தனி, உங்க நம்பர் தனி. யாருக்கும் தொந்தரவு இல்ல லா."

"வேணாம்பா. ஒரே வீடு, ஒரே கோட். எல்லாம் என் ஃபோனுக்கே வரட்டும்."

ஜூலை 9, புதன்

அருமையான ஆப். கதவு திறந்தால் ஒரு 'டிங்', மூடினால் ஒரு 'டிங்'. லியோனல் துறைமுக வேலைக்கு 6.12-க்குக் கிளம்பினான். அவள் ஆபிசுக்கு 7.40. வார்டில் சார்ட் எழுதுவதுபோல எல்லாம் வரிசையாக இருக்கிறது. மனசுக்கு நிம்மதி.

ஜூலை 13, ஞாயிறு

சின்னத் தப்பு. என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

எட்டு மணிப் பூசைக்குப் போகும்போது வழக்கம்போல அலாரத்தை ஆன் செய்துவிட்டேன். இப்போது வீடு என்றால் பின்னறையும் சேர்த்தி என்பது அந்த அவசரத்தில் மறந்துபோனது. அவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து கதவைத் திறந்ததும் சைரன் அலறியிருக்கிறது. ஃபாதர் பிரசங்கத்தில் இருக்கிறார், என் கைப்பைக்குள் ஃபோன் துள்ளுகிறது. ஓடி வந்து பார்த்தால் விஷ்ணுப்ரியா நைட்டியோடு வாசலில், சுற்றிலும் தெருவே நிற்கிறது. நாகையா அண்ணன் கையில் பாராங் கத்தி வேறு.

"சைரன் நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருச்சே" என்றேன். லியோனல் மட்டும் சிரித்தான்.

ஜூலை 18, வெள்ளி

"நேத்து ராத்திரி பத்தே காலுக்குக் கதவு தொறந்துச்சே, என்னம்மா?" என்று கேட்டேன். "காத்து வாங்க, அத்தை" என்றாள். அறையில் குளிரக் குளிர ஏர்கோன் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

அவளுக்கு லீவு. 2.10-க்குப் போனாள், 5.40-க்கு வந்தாள். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைப் பாராட்ட வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

தங்கை எமிலியா பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சாப்பிட வந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கிறோம். ஆப்பை அவளுக்குக் காட்டினேன். "பாரேன், செவ்வாய்க்கிழமை போன நேரம், வந்த நேரம், எல்லாம் இருக்கு. மூணரை மணி நேரம் எங்கம்மா போன, விஷ்ணு?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். விளையாட்டாகத்தானா?

அவள் நேராக என்னைப் பார்த்தாள். "வீடு பார்க்க, அத்தை. ஸ்ரீ கெம்பாங்கான்ல. வாடகைக்கு."

எமிலியா ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தாள், சோறு மூழ்கும்வரை.

"நாங்களே சொல்லலாம்னு இருந்தோம், மம்மி. அஞ்சாம் தேதிக்குள்ள அந்த வீட்டுக்காரருக்கு முடிவு சொல்லணும்" என்றான் லியோனல்.

இங்கே என்ன குறை என்று கேட்டேன். அவள்தான் பதில் சொன்னாள். "குறை ஒண்ணும் இல்ல, அத்தை. ஆனா நான் செருப்ப மாட்டுறதுக்குள்ள உங்க ஃபோன் அடிக்குது. அன்னைக்கு ராத்திரி எங்களுக்குள்ள ஒரு சண்ட, வெளிய வந்து அஞ்சு நிமிஷம் அழுதேன். அதுக்கும் நீங்க நேரம் வச்சிருக்கீங்க."

ஜூலை 28, திங்கள்

யாருக்காகச் செஞ்சேன் இதெல்லாம்? திருடன் வந்தா முதல்ல அவங்க கதவுதானே? போகட்டுமே. போய் வாடகை கட்டிப் பார்க்கட்டும் —

போகட்டும்னு எழுதிட்டேன். வாய் விட்டு சொல்ல வரல. ஒரே பிள்ளை. அவளும் நல்ல பொண்ணு. போயிட்டா இந்த வீட்டுல நானும் இவரும் டிவியும்தான்.

ஜூலை 30, புதன்

துணி காயப்போடும்போது நினைவு வந்தது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் திரை. ஊசியோ பெட்பேனோ, எந்த டாக்டர் அவசரப்படுத்தினாலும் திரையை இழுத்துவிடாமல் நான் ஒரு நோயாளியைத் தொட்டதில்லை. புது நர்ஸ்கள் மறந்தால் தொலைத்துவிடுவேன். அவ்வளவு கறாரான நான், என் மருமகளைத் திரையில்லாமல் தெருவில் படுக்கவைத்த மாதிரி ஆக்கிவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கிஷனுக்கு ஃபோன் செய்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கிஷன் பிரித்துக் கொடுத்தார். வீடு ஏரியா ஒன்று, பின்னறை ஏரியா இரண்டு. அவர்கள் கதவருகே தனியாக ஒரு கீபேட். புதுக் கோட் போட விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டார். நான் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். என் ஃபோனிலிருந்து பின்னறையின் பட்டியல் மொத்தமும் போய்விட்டது.

"மன்னிச்சிரும்மா" என்றேன். "ஐயோ அத்தை" என்றாள்.

போகாதீர்கள் என்று கேட்கவில்லை. அவர்களை நிறுத்துவதற்காகத்தான் இதைச் செய்தேன் என்று ஆகிவிடக் கூடாது. அதற்காகவும்தான் செய்தேன். சொந்த நோட்டில் பொய் எதற்கு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஐந்தாம் தேதி. லியோனல் எத்தனை மணிக்குப் போனான், தெரியாது. அவள் எத்தனை மணிக்கு, தெரியாது. வாடகை வீட்டுக்கு என்ன முடிவு என்று யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டேன்.

மத்தியானம் ஃபோன் வந்தது. அலாரம் கம்பெனியின் கண்காணிப்பு அறையிலிருந்து ஒரு பெண். "மேடம், உங்க பின்னறை ஏரியா டூவுக்கு இன்னைக்கு ஒரு வருஷத்துக்குப் பதிவு பண்ணியிருக்காங்க. அலாரம் அடிச்சா நாங்க முதல்ல கூப்பிட வேண்டிய நம்பர்னு உங்க நம்பர குடுத்திருக்காங்க. உறவுன்ற இடத்துல 'அம்மா'ன்னு போட்டிருக்கு. கன்ஃபர்ம் பண்ணணும்."

ஒரு வருஷத்துக்கா? பதிவு செய்தது யார் என்று கேட்டேன்.

"விஷ்ணுப்ரியா, மேடம்."

அவளைப் பெற்ற அம்மா செலாயாங்கில் இருக்கிறார். நம்பர் மாறி வந்திருக்கும் என்று நினைத்தேன். பதிவில் இருக்கும் நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொன்னேன். வார்டில் மருந்தளவை அப்படித்தான் சரிபார்ப்போம்.

படித்தாள். என் நம்பர்தான்.