பாபநாசம் போன நாற்காலிகள்

அண்ணாச்சி,

இன்று காலை, மழையில் நனைந்திருந்த சாமியானாத் துணியைக் கடைக்குப் பின்னால் உள்ள நெல் களத்தில் விரித்தேன். வெயில் பட்டதும் உங்கள் முழங்கால் தைலத்தின் வாடை கிளம்பிற்று. சோப்புப் போட்டு அலசி எடுத்த துணி. சேரன்மகாதேவியில் பேய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நான்தான் என்பது ஊருக்கே தெரியும். பேய்கள்தான் என்னைக் கண்டு ஒதுங்கும். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

வள்ளியூர் முதல் அம்பாசமுத்திரம் வரை என் வாடகைக் கடை நாற்காலி போகாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை, ஒரு சாவும் எடுத்ததில்லை. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியபோது வருத்தத்தில் வாத்தியார் சாப்பிடவே இல்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள், "சந்தோசத்துல பசிக்காமப் போயிருக்கும்லே" என்பீர்கள்.

பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் கடைக்கு வந்தீர்கள். "லே, நம்ம வயசு ஆளுகள்லாம் வீட்டுக்குள்ள கெடந்து துருப்பிடிக்குதுலே. காலையில கூட்டிவச்சு கையக் கால ஆட்டச் சொல்லுவோம். பெறகு சுக்குக் காப்பியக் குடிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருக்கட்டும். நாற்காலி ஒன்னோடது, பாடு என்னோடது."

உடற்பயிற்சி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் கூச்சப்பட்டு வரமாட்டார்கள் என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். பஸ்ஸில் இருப்பதுபோலக் களத்தில் நாற்காலிகளை இரண்டு பக்கமும் வரிசையாகப் போடச் சொன்னீர்கள். உட்கார்ந்த எல்லாரும் டிரைவர். கைகள் ஸ்டியரிங்கைச் சுற்றும், கழுத்து இரண்டு கண்ணாடியையும் பார்க்கும், கால் கிளட்ச்சை மிதிக்கும். "வீரவநல்லூர் வந்தாச்சு, பிரேக்கப் பைய மிதிங்க!" என்பீர்கள். கல்லிடைக்குறிச்சி வளைவில் எல்லா உடம்பும் ஒரு பக்கமாகச் சாயும். பாபநாசம் ஏற்றத்துக்கு எழுந்து நின்றே ஆகவேண்டும். இதைப் பார்க்கக் கலெக்டரே வந்தார் என்று வெளியூரில் சொல்லி வருகிறேன். வந்தவர் மின்கணக்கு எடுக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் நாள், என் நாற்காலிகளையும் சாமியானாவையும் பார்த்துவிட்டு அடுத்த தெருக்காரர் ஒருவர் மாலையோடு வந்து நின்றார். "யாரு அண்ணாச்சி போயிட்டா?" என்று மெல்லக் கேட்டார். "இன்னும் ஒருத்தரும் போகல, உக்காரும்வே. இப்பத்தான் பொறப்படுதோம்" என்றீர்கள். களமே சிரித்தது. ஆனால் முடிந்ததும் எல்லாரும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லையே. என் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததும் அந்தப் பழக்கம் தானாக வந்துவிட்டது.

நீங்கள் விடவில்லை. மறுநாளே கடைசிப் பயிற்சி என்று ஒன்றைச் சேர்த்தீர்கள். இரண்டு கையையும் தூக்கி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "நாளைக்கி வாரேன்!" என்று கத்திவிட்டுத்தான் போகவேண்டும். உங்கள் குரல்தான் எப்போதும் மேலே நிற்கும்.

அந்தப் பங்குனிக் காலையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுநாள் விடியும்போது நாற்காலிகள் களத்திலிருந்து உங்கள் வாசலுக்கு வந்தன. அன்றைக்கு ஆறே ஓடாமல் நின்றது என்று நான் சொல்வதுண்டு. அதை விடுங்கள், இது சத்தியம்: நம் ஆட்கள் யாரும் சொல்லாமலே பஸ் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மதினிக்கு, உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு, காலை மடக்கித் தரையில் உட்கார முடியாதே என்று ஒரு நாற்காலி போட்டிருந்தேன். உங்களைத் தூக்கியபோது அவர்களுடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்தது. பிரேக் போட்டார்கள், அண்ணாச்சி.

அதற்குப் பிறகு மதினி வெளியே வரவில்லை. காலை இப்போதே அசைக்காவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். களத்திலும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. "நாளைக்கி வாரேன்" என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. சொல்லாமல் போனவர்கள் திரும்பி வரவும் இல்லை. உங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தேன்.

"மதினி, பஸ் காத்துக்கிட்டு நிக்குது."

"ஓட்டுத ஆளு இல்லாம என்ன பஸ்ஸு?"

"நான் ஓட்டுதேன். மாஞ்சோலை மலையில லாரி ஓட்ட என்னையத்தான கூப்பிட்டாங்க."

"ஒங்களுக்குச் சைக்கிளே ஓட்ட வராது, தம்பி."

அந்தச் சைக்கிள் பேச்சில் லேசாகச் சிரித்தார்கள். போன வாரம் ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தே விட்டார்கள். அவர்களைப் பார்த்ததும், வராமல் நின்றுபோனவர்களும் வந்தார்கள். நான் பதற்றத்தில் கல்லிடைக்குறிச்சியை விட்டுவிட்டு அம்பாசமுத்திரம் போய்விட்டேன். "யோவ், ஸ்டாப்பு போயிட்டுவே!" என்று பின்வரிசை கத்தியது. ஏற்றத்தில் மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

சுக்குக் காப்பி குடித்தாயிற்று. யாரும் எழவில்லை. "வாரேன்" என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது காதில் விழும். சொல்லாமல் போனால் களம் துஷ்டி வீடாகிவிடும். வெயில் காலடிக்கு வந்தது. கடைசியில் மதினிதான் தம்ளரைக் கீழே வைத்து முகத்தைச் சுளித்தார்கள்.

"இது என்ன தம்பி, காப்பியா கசாயமா? நாளைக்கி மிளகக் கொறைங்க."

கம்பை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். பின்வரிசைக்காரர் எழுந்தார்: "நாளைக்கி எனக்கு வேற நாற்காலி போடும்வே, இது ஆடுது." இன்னொருவருக்கு என் குரல் பிடிக்கவில்லை, நாளைக்கு மெதுவாக ஓட்டவேண்டுமாம். ஆளுக்கொரு குறையைச் சொல்லிவிட்டு எல்லாரும் போனார்கள்.

இப்போது தினமும் அப்படித்தான். அவர்கள் குறைகளையெல்லாம் நான் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு "நாளைக்கி வாரேன்" என்பதைத்தான் எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. பாபநாசம் ஏற்றத்தின் நடுவில் களத்துக் கேட் சத்தம் கேட்டால் என் குரல் நின்றுவிடுகிறது. எல்லாரும் எழுந்து நின்றபடி காத்திருக்கிறார்கள். வந்தது யார் என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.