தாடையோடு நின்றுவிடும் நிறம்

என் செல்விக்கு,

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் பார்லர் இன்னும் திறந்துதான் இருக்கிறது. உன் நாற்காலியும் வாசலோரம் அதே இடத்தில். டியூப் லைட்டில் நிறம் தெரியாது என்று நீ வெயில் பக்கம் இழுத்துப் போட்டது. இப்போது அதில் உட்காருகிறவர்கள், "ரெண்டு கலர் ஏத்தி வுடுங்கக்கா" என்கிறார்கள். ஏற்றி விடுகிறேன்.

உன் மகள் இலக்கியாவுக்கு நாளை மறுநாள் கல்யாணம். மணலூர்பேட்டையில்.

அவளுக்கு வேலை கிடைத்ததா என்றுதானே கேட்பாய்? நம் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்களில் நீ டயாலிசிஸ் முடிந்து வந்து, படுத்தபடி டிவி பார்ப்பாய். "அது வந்துட்டா நம்ம பொண்ணுக்கு ஒரு வேல கெடைக்கும்டி. வேலைக்குப் போறவ மூஞ்சிய எவனும் கலர் பாத்துக்கினு இருக்கமாட்டான்" என்றாய். நீ போன பிறகு அது வந்தது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். இலக்கியா உன் படத்தின் முன் நின்று அந்தச் செய்தியைச் சொன்னாள். பிறகு கோர்ட்டில் செல்லாது என்றார்கள். அவள் எழுதிய பரீட்சை எதிலும் பெயர் வரவில்லை. உன் வீட்டுக்காரர் மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். வந்தவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நம் நிறத்துக்கு பவுண்டேஷன் பாட்டில் வராது என்று, இருப்பதிலேயே கருத்ததை எடுத்து, கண்ணுக்குப் போடும் பழுப்புப் பவுடரை அதில் குழைப்பாயே, அந்த எவர்சில்வர் தட்டை வைத்திருக்கிறேன். தாடையில் ஒரு சொட்டு வைத்து, கழுத்தோடு அது காணாமல் போகும்வரை கலப்பாய். "தேய்க்காதடி, ஒத்து. ஈரப் பஞ்சால மூக்குகிட்ட ஆரம்பிச்சி வெளிய போ. காதுவரைக்கும், கழுத்துவரைக்கும். எங்க முடிஞ்சுதுன்னு பெத்தவளுக்கே தெரியக்கூடாது."

போன வாரம் உன் வீட்டில் அந்தத் தட்டில் இலக்கியாவுக்காகக் கலந்தேன். உன் நிறம்தானே அவளுக்கும். கை தானாகக் கலந்தது.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் அத்தை உன் வீட்டுக்கு வந்திருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க அவ அம்மாவோட சிநேகிதி, எல்லாம் சரி. தாலியில்லாத கை கல்யாணப் பொண்ணு மூஞ்சில படறது எங்க வூட்ல பழக்கமில்ல. சென்னையிலேர்ந்து ஆளு வருது. பொண்ணு இன்னா கலருன்னே தெரியாதாம்."

"எனக்குப் பெரிம்மாதான் போடணும்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் இலக்கியா.

"நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது?" என்று உன் வீட்டுக்காரரே அவளை அடக்கினார். நான் தட்டோடு ஓரமாக நகர்ந்து நின்றேன்.

உன்னைக் கிடத்தியிருந்தபோதும் இப்படித்தான் நின்றேன். சுமங்கலியாகப் போனவள் என்று பெண்கள் ஒவ்வொருவராக வந்து உன் முகத்தில் மஞ்சள் பூசினார்கள். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து அந்த வரிசையில் எனக்கு இடமில்லை. நெற்றியில் திட்டுத் திட்டாக மஞ்சள், மூக்கோரம் ஒன்றுமில்லை, தாடையோடு ஒரு கோடாக நின்றுவிட்டது. கழுத்து மட்டும் உன் கழுத்தாக இருந்தது. ஓர் ஈரப் பஞ்சு கொடுத்திருந்தால் போதும், சரிசெய்திருப்பேன். சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு உறுத்தியதா, செல்வி?

அதே கோட்டோடு உன் மகள் மேடையில் உட்காரப்போகிறாள். வெள்ளை முகமும் உன் கழுத்துமாக. அந்தப் போட்டோவைத்தான் கூடத்தில் மாட்டுவார்கள். அவளுக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் செய்வேன். தாலி கட்டி, பந்தி முடிந்து, அவள் முகம் இறுகி அரிக்கத் தொடங்கும் நேரத்தில் சென்னை ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். தேங்காய் எண்ணெயும் மல் துணியும் எடுத்துக்கொண்டு மணமகள் அறைக்குப் போவேன். கழுத்தின் நிறம் முகத்துக்கு வரும்வரை ஒத்தி ஒத்தி எடுப்பேன். எடுப்பதற்கு யார் கை என்று எவரும் பார்க்கமாட்டார்கள்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
கோமதி