நடைவண்டியோடு எடுத்த முளைப்பாரி

என் தோழிக்கு,

வாக்கரின் சக்கரம் இன்று காலை கிறீச்சிட்டது. மருமகள் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு பேசாமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

யுத்தம் நடந்த காலம் அது. சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போன எனக்கு, எட்டு வயதில் ஆசாரி பெரிதாக ஒரு நடைவண்டி செய்து தந்தார். பச்சைப்பிள்ளை தள்ளுகிற வண்டியை இத்தனை பெரிய பெண் தள்ளுகிறாளே என்று நம் தேவாரம் ஊரே சிரித்தது. நீ மட்டும், "ஒருவாட்டி நானும் தள்ளிக்கிறேன்டி" என்று கெஞ்சிக்கொண்டு நின்றாய். எங்கள் வீட்டு விளக்கெண்ணெயைத் திருடித் திருடி அச்சில் ஊற்றியது நீ. அடி வாங்கியது நான்.

அந்த வருஷம் அம்மன் திருவிழாவுக்கு எனக்கும் முளைப்பாரி எடுக்க ஆசை வந்தது. இருட்டறையில், வெயில் படாமல், பானையில் நானே தண்ணீர் தெளித்து வளர்த்த பயிர். ஊர்வலத்தில் அதை வேறு யாராவது சுமந்தால் செத்தே போவேன் என்று இருந்தது. உன் அத்தை வழிமறித்தார்.

"ரெண்டு கையும் வண்டியில இருக்கு. பாரிய எதால பிடிப்பா? வழியில எறக்கவும் கூடாது, கை மாத்தவும் கூடாது, மாத்துனா வேண்டுதல் பலிக்காதுன்னு பெரியவுக சொல்லியிருக்காக."

"எங் கையால பிடிப்பா" என்றாய் நீ.

உன் தலையில் ஒரு பாரி, என் தலையில் ஒரு பாரி. ஒரு கையால் உன்னுடையதையும் மறு கையால் என்னுடையதையும் பிடித்துக்கொண்டு, என் வேகத்துக்கு நடந்தாய். பின்னால் வந்த பெண்களும் வேறு வழியில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே அதே வேகத்துக்கு வந்தார்கள். மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

கண்மாய்க் கரை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தள்ளத் தள்ளப் பின்னுக்கே வழுக்கியது.

"போதும் ஆத்தா, பாரிய இங்கன குடு. நான் கரைச்சிர்றேன்" என்று அத்தை இரண்டு கைகளையும் நீட்டினார். எனக்கு அழுகை முட்டியது. நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. உன் பாரியைத் தூக்கி, நீட்டிய அந்தக் கைகளில் வைத்துவிட்டாய்.

"அடியே, உன் வேண்டுதல் போச்சேடி!" என்று அத்தை பதறினார். நீ முன்னால் போய் வண்டிச் சட்டத்தைப் பிடித்தாய்.

"இனி பானையப் பிடிக்கக் கையில்ல. நீ தலைய மட்டும் ஆட்டாத. வண்டிய நான் பாத்துக்கிறேன்."

நீ இழுத்தாய், நான் ஏறினேன். என் பாரியை நானே தண்ணீரில் கரைத்தேன். அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை.

நீ வேண்டிக்கொண்டது வெள்ளிக் கொலுசு. அது கிடைக்கவே இல்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும், "எங் கொலுசு உன்னாலதான் போச்சு" என்று சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாய். ஒரு ஜோடி வாங்கித் தர என்னால் முடியாமல் இல்லை. வாங்கித் தந்துவிட்டால் என்னோடு சண்டை போட உனக்கு என்னடி மிச்சம் இருந்திருக்கும்?

போன வாரம் ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்குகிற பெண் கேட்டாள்: "எல்லாரும் குனிஞ்சு தரையப் பாத்துத்தான் நடப்பாக. நீங்க மட்டும் எப்படிப் பாட்டி இம்புட்டு நிமிந்து நடக்குறீக?"

நான் சிரித்துக்கொண்டேன். அவளுக்கு என்ன தெரியும்? என் தலையில் பாரி இருக்கிறது. வண்டியை நீ பார்த்துக்கொள்கிறாய்.