அப்பாவின் வரிசைக்கு உரமில்லை

ஒஹாயோ,
செப்டம்பர் 20

அன்புள்ள டுவைட் அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அலாஸ்கா குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

ஜூலையில் நம் சித்தி மகள் ரோண்டா கல்லறைத் தோட்டத்துக்கு வந்து போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாளே, அந்த மகராசிக்கு வேறு வேலையில்லை. சுற்றிலும் பச்சைப்பசேல், அப்பா கல்லறை வரிசையில் மட்டும் மஞ்சள். "பெத்த அப்பன் கல்லறைப் புல்லைப் பார்த்துக்க வக்கில்ல, இவ தோட்டப் பொறுப்பாளராம்! அம்மாவோட எண்பதாவது பிறந்தநாளுக்கு நான் வரல" என்று எழுதினாய். அழுது தீர்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சாதா யூரியா போட்டால் புல் கிடுகிடுவென வளர்ந்து, கொஞ்ச நாளில் வெளுத்துப்போகும். மெதுவாகக் கரையும் உரம் வாங்கலாம் என்றேன். நிர்வாகக் குழுத் தலைவர் ப்ரூபேக்கர், "எது நல்லதுன்னு காட்டும்மா, அப்புறம் வாங்கலாம்" என்றார். மே மாதம் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வகை உரமாகப் போட்டேன். கந்தகம் பூசிய யூரியா முதலில் ஜோராகத்தான் காட்டியது. ஆனால் புல்வெட்டும் வண்டிச் சக்கரம் ஏறிய இடமெல்லாம் குருணை உடைந்து, கோடு கோடாகக் கரும்பச்சை! கோழி எருவோ மண் சூடேறும்வரை தூங்கியது. ஊர் நாய்களெல்லாம் மோப்பம் பிடித்து வந்ததுதான் மிச்சம். பிளாஸ்டிக் தோல் போர்த்திய யூரியாதான் அலட்டிக்கொள்ளாமல் கோடை முழுக்க ஒரே சீராக நின்றது.

இப்படி ஒப்பிடும்போது ஒரு வரிசைக்கு எதுவுமே போடாமல் விட வேண்டும் அண்ணா. இல்லையென்றால் அந்தப் பச்சை, உரத்தால் வந்ததா, மழையால் வந்ததா, எப்படித் தெரியும்? ஆனால் யாரைப் பட்டினி போடுவது? ஞாயிறுதோறும் பூவோடு வரும் மிஸஸ் க்ளாப்பிடம், "உங்க வீட்டுக்காரர் புல்லு இந்த வருஷம் காயட்டும்" என்று எந்த வாயால் சொல்வேன்? வேலியோர வரிசையில் அப்பாவைத் தவிர எல்லாம் நூறு வருஷத்துக் கல்லறைகள், கேட்க ஆளில்லை. கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்ள எனக்கு இருந்த ஒரே ஆள் அப்பாதான்.

அம்மாவிடம் சொல்லப் பயந்து பயந்து, போன வாரம்தான் போட்டோவைக் காட்டினேன். "சனிக்கிழமையானா புல்லு வெட்டணுமேன்னு புலம்பின மனுஷன்டி! வளராத புல்லு இல்லையான்னு கேப்பாரு. இப்பத்தான் கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள் பார், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிளாஸ்டிக் தோல் யூரியாவையே வாங்கக் குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகஸ்ட் முடிந்ததுமே அப்பா வரிசைக்கு என் கையால் உரம் போட்டேன். இன்று காலை பார்த்தேன், பச்சை பிடித்துவிட்டது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபரில் பிறந்தநாளன்று உனக்கென்று தனியாக ஆப்பிள் பை சுடப்போகிறாளாம் அம்மா. நீ வரமாட்டாய் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடாதே.

அப்பாவைக் கேட்காதது எனக்கு உறுத்தவில்லை. உன்னைக் கேட்காததுதான் உறுத்துகிறது. உன்மேலும் எனக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்துவிட்டேன். இல்லையென்றால், வந்து அப்பா முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போ.

வழி பார்த்திருக்கும் தங்கை,
நடீன்